இஸபோவின் கூந்தலில் பாடியவர்கள்

பிராண்டன்பர்க் மணற்பூமியில் ராபன்ஃபெல்ட் என்று ஓர் ஊர் இருந்தது. இருந்தது என்றால் பெயருக்குத்தான். பழைய போரில் பாதி வீடுகள் எரிந்துபோய், மிச்சப் பாதியின் கூரைகளில் புல் முளைத்து, ஆளில்லாத வாசல்களில் வாத்துகள் குடியிருந்த அந்த ஊருக்குத்தான், 'என் மதத்துக்கு மாறு, மாறாவிட்டாலும் நாட்டை விட்டுப் போகாதே' என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்திய தங்கள் ராஜாவிடமிருந்து தப்பி, பிரான்சின் தெற்கு மலைகளிலிருந்து நாற்பத்து மூன்று பேர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஊர்ச்சபைக்காரர்கள் நல்லவர்கள். காலியாய்க் கிடந்த வீடுகளைக் கொடுத்தார்கள், ஆராதனைக்கென்று பழைய தானியக் கிடங்கு ஒன்றையும் கொடுத்தார்கள். வந்தவர்கள் சங்கீதம் பாடுவதில் பெரிய கெட்டிக்காரர்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால், முதல் ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் ஜனம் முழுக்கத் தங்கள் லூத்தரன் கோயிலிலிருந்து நேரே கிளம்பி வந்து கிடங்குச் சுவரோரம் நின்றுகொண்டது.

போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். நாற்பத்து மூன்று பேரும் எழுந்தார்கள். வாயைத் திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை.

"அடக் கடவுளே," என்றாள் ரொட்டிக்கடை உர்சுலா, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை பேர் நாக்கையுமா அறுத்து அனுப்பியிருக்கான் அந்தப் பாவி?"

நாக்கெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. பழக்கம்தான் போகவில்லை. ஆறு வருஷம், முழுசாக ஆறு வருஷம், அவர்கள் தங்கள் மலையில், கஷ்கொட்டை மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் ஒளிந்து கூடி, பாட்டுச் சத்தம் கேட்டால் சிப்பாய்கள் வருவார்கள், ஆண்களைச் சங்கிலியில் பூட்டிக் கப்பலுக்குத் துடுப்புப் போட அனுப்புவார்கள், பிள்ளைகளைப் பிடுங்கிக் கன்னிமடத்தில் சேர்ப்பார்கள் என்ற பயத்தில், உதட்டால் மட்டும் பாடியவர்கள். குரலை அப்படியே தொண்டையில் விழுங்கிவிடுவார்கள். தாலாட்டுகூட உதட்டால்தான். அந்த வருஷங்களில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பாட்டு என்றால் சத்தம் உண்டு என்பதே தெரியாது. இப்போது பயமில்லாத ஊருக்கு வந்து, யாரும் தடுக்காமல், கேட்கவென்றே ஆட்கள் காத்து நிற்கும்போது, அந்த நாற்பத்து மூன்று பேரும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பழக்க தோஷத்தில் உதட்டால் பாடிவிட்டு நின்றார்கள்.

அப்போதுதான் உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து, முன்வரிசையில் நின்ற இஸபோவின் துணித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் குனிந்து எடுக்கப் போனாள், கொண்டை ஊசி நழுவியது, இடுப்புக்குக் கீழே வரை நீண்ட கனத்த கூந்தல் சரிந்து விழுந்தது. விழுந்த கூந்தல் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தது.

ஒரு குரலா இரண்டு குரலா? அறுபதுக்கும் மேல். அங்கே நின்ற நாற்பத்து மூன்று பேருடையதும், வராமல் மலையிலேயே நின்றுவிட்டவர்களுடையதும், செத்துப்போனவர்களுடையதும், ஆறு வருஷமாய் விழுங்கிய பாட்டெல்லாம் சேர்ந்து வந்தது. இஸபோவின் தலைக்குள் அவை எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லை. வேறெங்கே போகும்? சபையின் ஒரே சங்கீதப் புத்தகம், இரண்டு விரல் அகலம்கூட இல்லாதது, அந்த ஆறு வருஷமும் ஒளிந்திருந்தது இஸபோவின் கொண்டைக்குள்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதை எடுப்பதும், முடிந்ததும் திரும்பச் செருகி முடி போடுவதும் அவள் மகள் லிடியின் வேலை. சின்ன விரல், நேர்த்தியாகச் செய்வாள்.

அந்த லிடி இப்போது கூட்டத்தில் இல்லை. தப்பி வரும் வழியில் தொலைந்துபோனாள், எட்டு வயதில்.

பாட்டு முடிந்ததும் உர்சுலா தன் மேலங்கியால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாக்கு இருக்கு," என்று எல்லாருக்கும் அறிவித்தாள், "தலையில வச்சுக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்."

ஊர் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. முதலில் சபையின் மூப்பர்கள் கூடினார்கள். பெண் தலையை மூடாமல் ஆராதனைக்கு நிற்கலாமா என்பது கேள்வி, மூன்று நாள் வாதாடி, தலை மூடியும் இருக்க வேண்டும் பாட்டும் கேட்க வேண்டும் என்று பெரிய கண்ணுள்ள பின்னல் வலை ஒன்றைத் தைக்கச் சொல்லித் தீர்த்துவைத்தார்கள். பிறகு ஊர்ச்சபை கூடியது, சந்தை நாளில் இஸபோ தலைக்குக் குளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது, ஈரக் கூந்தலில் குரல்கள் தாழ்ந்து ஒலிக்கின்றன, கேட்கிறவர்களுக்கு மனசு கனத்து வியாபாரம் படுக்கிறது என்று காரணம் எழுதினார்கள். சீப்பில் கழிந்த முடியைக் குருவிகள் பொறுக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டின, அந்த வருஷம் ராபன்ஃபெல்டின் குருவிக் குஞ்சுகள் கத்தினதில் ஒரு ராகம் இருந்தது என்று உள்ளூர்க்காரர்களே ஒத்துக்கொண்டார்கள்.

வார நாட்களிலும் ஆட்கள் வருவார்கள். நெய்துகொண்டிருக்கும்போதே ஏதோ நினைப்பு வந்து எழுந்து, கையில் நூலோடு வந்து இஸபோவின் பின்னால் உட்காருவார்கள். யார் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். மூப்பர் ரூவியேரின் தம்பி, கப்பலில் துடுப்புப் போட்டே செத்தவன், உச்சியில் இருந்தான். இஸபோவின் புருஷன் கிதியோன், அவனும் அந்தக் கப்பலோடு போனவன், பிடரியில் கனமாக இருந்தான். லிடி இடது காதோரம். மகள் சத்தமாகப் பாடி இஸபோ ஒருநாளும் கேட்டதில்லை, அந்தக் குரலை முதல்முதலாகக் கேட்டதே இந்த அந்நிய மண்ணில், தன் தலையிலிருந்துதான். ஆனாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் சூடாக ஏதோ காத்திருக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியையும் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டு நிற்பாள் அந்தக் குட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருஷம், தோட்டக்கார ஃபுல்க்ரான், ஊரிலிருந்து கொண்டுவந்த ஆஸ்பராகஸ் என்ற தண்டுக்கீரையின் வேர்களை மணலில் நட்டு மூன்று வருஷமாய்ப் பார்த்துக் கிடந்தவர், ஒரு காலை வெள்ளை வெளேரென்று தண்டு முளைத்து நிற்பதைக் கண்டு, தன்னை மறந்து வாய்விட்டுப் பாடிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூந்தலில் அவர் குரல் இல்லை. யார் தன் தொண்டையைத் திறக்கிறாரோ அவர் குரல் அவரிடம் போய்விடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போனது போனதுதான். கூந்தலில் நாற்பது வயது ஃபுல்க்ரான் கணீரென்று பாடிக்கொண்டிருந்தார், திரும்பக் கிடைத்ததோ பல் விழுந்த ஃபுல்க்ரானின் கரகரப்பு. "இருந்த நல்லதையும் கெடுத்தீங்களே," என்று அவர் பெண்டாட்டி ஒரு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தரும் வாயைத் திறக்கத் துணியவில்லை. ஞாயிறுதோறும் எழுந்து நின்று உதட்டை அசைப்பார்கள், இஸபோவின் கூந்தல் அவர்கள் விட்டுவந்த வயதில், விட்டுவந்த மலையின் எதிரொலியோடு பாடும், கேட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவார்கள். அதைவிடச் சுகம் வேறென்ன இருக்கிறது?

இஸபோவுக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. தினம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, இடது பக்கத்தை மட்டும் பிரித்து வாருவாள். லிடி பாடுவாள். "மெதுவாடி, மெதுவா, யாரும் துரத்தலை," என்பாள் இஸபோ. பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். குரல் இன்னும் இங்கே இருக்கிறதென்றால், பிடித்துக்கொண்டு போய் எந்தக் கன்னிமடத்தில் அடைத்திருந்தாலும் அங்கே வாயைத் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம், என் பெண் அவர்கள் பாட்டைப் பாடவில்லை என்று பெருமைகூடப்பட்டாள். அந்தப் பெருமைக்கு அடியில் ஒன்று கிடந்தது. அதை மட்டும் அவள் தொடுவதில்லை.

தப்பி வந்த அன்று, எல்லைக்கு இன்னும் அரை மணி நடை, உச்சி வெயில், ஒரு கோதுமைவயலுக்குள் எல்லாரும் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள், பாதையில் சிப்பாய்கள் போனார்கள். லிடி அம்மாவின் தலையைப் பார்த்தாள், கண்ணை அகல விரித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இஸபோ அவள் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அந்த உதடுகள் அசைந்தன. "மூச்! நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று காதில் சொன்னாள், கொஞ்சம் கிள்ளவும் செய்தாள். லிடி தலையாட்டினாள். குதிரைகள் போனதும் எல்லாரும் எழுந்து ஓடினார்கள், ஆற்றங்கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் லிடி இல்லை. திரும்பி ஓடப் போனவளை இரண்டு ஆண்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் தலையில் கை வைத்துப் பார்த்தால், கொண்டைக்குள் புத்தகமும் இல்லை. ஒரே நாளில் இரண்டையும் தொலைத்தேன் என்று இஸபோ மண்ணில் உருண்டு அழுதாள். குழந்தைதானே, களைத்து உட்கார்ந்திருக்கும் என்றார்கள். பின்னாலேயே வா என்று அத்தனை முறை சொன்னேனே என்று அவளுக்குக் குழந்தை மேல் கோபமும் இருந்தது. அந்தக் கோபத்தை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஃபுல்க்ரானின் தண்டுக்கீரை ஊர் முழுக்கப் பரவி, உள்ளூர்க்காரர்களும் வெண்ணெய் ஊற்றித் தின்னப் பழகியிருந்த ஒரு மே மாத நடுப்பகலில், சுவிஸ் வியாபாரி ஒருவரின் வண்டி வந்து கிடங்குக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். தலையில் துணி, துணிக்குள் ஒட்ட வெட்டின முடி, கையில் ஒரு காகிதம். காகிதத்தில் ஒரு வயதான கன்னியாஸ்திரி எழுதியிருந்தாள்: 'இவள் பெயர் லிடி. பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். நல்ல பெண். ஊமை. பாடும் கூந்தல் ஒன்று பிராண்டன்பர்க்கில் இருப்பதாக ஒரு வியாபாரி சொன்ன கதையை இவளிடம் சொன்னேன், அன்று முதல் சாப்பிடவில்லை. நான் சாகக் கிடக்கிறேன், மனசு கேட்கவில்லை, அனுப்புகிறேன்.'

ஊரே திரண்டுவிட்டது. இஸபோ மாவுக் கையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முகவாயில் கிதியோனின் பிளவு அப்படியே இருந்தது. இஸபோ அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டு அழுதாள். லிடி அழுததில் சத்தமே இல்லை.

மூப்பர் ரூவியேர் சட்டம் பேசுகிற மனுஷன். மடத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் சபை நடுவில் எழுந்து, தவறினேன், திரும்பி வந்தேன் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் முறை. வாயே இல்லாதவளை என்ன செய்வது? "பாவம், ஊமையாயிட்டாளே," என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் அந்தப் பெண் கை தன்னால் நெற்றியையும் மார்பையும் தொட்டுச் சிலுவை போட்டதைக்கூடக் காணாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஊமை இல்லை என்று இஸபோவுக்கு மட்டும் தெரியும். ஊமையா! என்ன பேச்சுப் பேசும் அந்தக் குழந்தை, கோழியிடம் பேசும், கஞ்சியிடம் பேசும். 'நான் சொல்ற வரைக்கும்' என்றாள் அல்லவா, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு குழந்தை அம்மா பேச்சைக் கேட்டிருக்கிறது. சொன்னால் போதும், ஒரு வார்த்தை. வாய் திறக்கும். திறந்தால் இடது காதோரம் இருக்கும் எட்டு வயது லிடி போய்விடுவாள், இனி என்றைக்கும் வரமாட்டாள்.

புதன் போனது, வியாழன் போனது, இஸபோ சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரி என்று திட்டத் தோன்றுகிறதா, திட்டுங்கள், அவளே தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் தலை வாருவாள். எதிரே இருபது வயது லிடி தண்டுக்கீரையின் தோலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கூந்தலில் எட்டு வயது லிடி அவசரப்பட்டு வரியை முடிப்பாள், அதைக் கேட்டு இவள் சத்தமில்லாமல் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் இஸபோ கண்ணை மூடிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை மூப்பரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவசரப்படாதே இஸபோ," என்றார் அவர். "பொண்ணு வந்துட்டா, கண்ணால பாத்துக்கிட்டு இருக்கே. குரல் தலையில பத்திரமா இருக்கு. ரெண்டும் இருக்கட்டுமே. அவ பேசிட்டான்னா ஒண்ணுதான் மிஞ்சும்."

"அவ பேசாமயே செத்துப்போனா, மூப்பரே?"

"நாங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்," என்றார் ரூவியேர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை. இஸபோ வழக்கம்போலச் சீப்பை எடுத்தாள். லிடி எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்று வாரினாள், சிக்கெடுத்தாள், விரல்கள் பெரிதாகி, வேலை செய்து காய்த்துப் போயிருந்தன, ஆனால் பிடரியில் தொடங்கி மேலே சுருட்டுகிற அந்த முறை அப்படியே இருந்தது. கூந்தல் பாடிக்கொண்டே சுருண்டது. பாதியில் லிடி நிறுத்தினாள். பாவாடை ஓரத்தைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரிக்கும் சத்தம் இஸபோவுக்குக் கேட்டது. பிறகு, பழைய இடத்தில், எலும்புக்கே நினைவிருந்த அந்த இடத்தில், ஒரு சின்னக் கனம் வந்து உட்கார்ந்தது. முடி போட்டு ஊசி செருகினாள் லிடி.

இஸபோ கையை எடுத்துப் போய்த் தொட்டுப் பார்த்தாள். மூலை மழுங்கின அட்டை. சங்கீதப் புத்தகம்.

கோதுமைவயல் வந்தது, வெயில் வந்தது, கண்ணை அகல விரித்துத் தன் தலையையே பார்த்த குழந்தை வந்தது, உள்ளங்கைக்குள் அசைந்த உதடுகள் வந்தன. களைத்து உட்காரவில்லை அவள். பின்தங்கவுமில்லை. கொண்டையிலிருந்து சரிந்ததைப் பார்த்தாள், சொல்ல வந்தாள், பொத்தினேன். ஓடும்போது விழுந்திருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அதனால் தானே திரும்பி எடுக்கப் போயிருக்கிறாள்.

அடுத்த நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடலாம், அது ஊருக்கே தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை இஸபோ கூந்தலை அவிழ்த்தாள், இடது காதோரம் வெறும் முடியாக இருந்தது. அவள் பக்கத்தில் நின்ற லிடி வாய்விட்டுப் பாடினாள். இனிமையான குரலென்று பொய் சொல்ல வேண்டாம், துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது, சுருதி எங்கோ போனது, ஆனால் ஒவ்வொரு வரியையும் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு நின்றாள். மூப்பர் ரூவியேர்தான் முதலில் அழுதார், அழுத வாயில் பாட்டு வந்துவிட்டது, அவருக்குப் பின்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கிழடு தட்டின, கரகரத்த, உடைந்த குரல்களில் கிடங்கே அதிர்ந்தது. "கூந்தலே தேவலாம் போல," என்று சுவரோரம் நின்ற உர்சுலா சொன்னாள், சொல்லிவிட்டு அவளும் பாடினாள், வார்த்தை தெரியாமலே. அன்றிலிருந்து கூந்தலில் மிஞ்சியவர்கள் திரும்பி வர முடியாதவர்கள் மட்டும்தான். உயிரோடிருந்தவர்கள் மூச்சு வாங்கி நிறுத்தும் இடங்களில் அவர்கள் கேட்பார்கள். பிடரியில் கிதியோன் கனமாகப் பாடினான். இஸபோ சாகும்வரை பாடினான்.

ஆனால் அது ஞாயிறு. சனிக்கிழமை காலையில், ஜன்னலோரத்தில், இஸபோ ஊசியை உருவினாள், கூந்தலை இடது பக்கம் முன்னால் இழுத்துப் போட்டு, காதோடு சேர்த்து அழுத்தி, அந்தக் குட்டிக் குரலை ஒரு சங்கீதம் முழுக்கக் கேட்டாள். அவசர அவசரமாகப் பாடி முடித்தாள் குழந்தை. இஸபோ திரும்பி, இருபது வயது மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளில் ஒன்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பொத்தின கை.

"சிப்பாய்ங்க போயிட்டாங்கடி," என்றாள். "எப்பவோ போயிட்டாங்க. நான்தான் சொல்லாம இருந்துட்டேன். இப்போ சொல்லு கண்ணு. என்னமோ சொல்ல வந்தியே, என்ன அது?"

லிடியின் உதடு முதலில் வெறுமே அசைந்தது. பிறகு மெல்ல, தன் குரலே தனக்குப் புதிதாக, அவள் சொன்னாள்:

"அம்மா, புத்தகம் விழுந்துடுச்சு. நான் போய் எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."